விலைமனு

மூன்று விலைமனு வேண்டும் என்றது பிரதேச செயலகம்.
லீவு போட்டு நீர்கொழும்புக்குப் போய்
யார்டில் கவிழ்த்துக் கிடந்த படகுகளைச்
சுற்றிச் சுற்றி வந்தேன்.

மிதக்கும்போது எல்லாம் ஒரே படகுதான்:
நீலப் பெயிண்ட், பிளாஸ்டிக் இருக்கை,
மூக்கில் மாதா, இல்லாவிட்டால் சிங்கக்குட்டி.
குப்புறப் போட்டால்தான் குணம் தெரிகிறது.
"தொட்டுப் பாருங்க மிஸ்," என்றார் டெனிசில்.
கைப்பையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு தொட்டேன்.

ஒன்று தட்டை. ரொட்டிக்கல்.
சின்ன எஞ்சினுக்கே எழும்பி
தண்ணீரின் மேல் ஏறிக் குந்திவிடும்.
முழங்கால் ஆழம் போதும்.
ஆனால் அலைக்கு ஒரு அறை, அலைக்கு ஒரு அறை.
அதை நான் தொடவே வேண்டாம்.
மவுசாக்கலையில் எங்களிடம் இருப்பதே அதுதான்.
ஜூன் மாதம், நல்லதண்ணிப் பக்கமிருந்து காற்று இறங்கினால்
சாப்பாட்டுப் பெட்டிகள் தானாகத் திறக்கும்.
போன வருசம் திலுக்ஷனா நாக்கைக் கடித்து
வெள்ளைச் சீருடையெல்லாம் ரத்தம்.

அடுத்தது உருண்டை வயிறு.
தண்ணீரை விலக்கி விலக்கி
தண்ணீருக்குள்ளேயே போகும்.
எத்தனை குதிரை பூட்டினாலும்
தான் எழுப்பிய அலையைத் தான் தாண்டாது.
எங்கள் பொருளாளர் செபமாலை ஞாபகத்துக்கு வந்தார்.
நல்ல மனுசன்.

இரட்டை உடம்பும் இருந்தது,
நடுவில் காற்றுக்கு வழி விட்டு, ஆடாமல் அசையாமல்.
விலையைக் கேட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

பிறகு அந்த 'வீ'.
கூப்பிய கையைக் கீழே திருப்பியது போல.
இருபத்தொரு பாகை என்றார் டெனிசில், பெருமையாக.
அதைவிடச் செங்குத்தில் நின்றுதான்
எங்கள் கீழ்ப்பிரிவில் கொழுந்து பறிக்கிறார்கள்.
நான் அதைச் சொல்லவில்லை.
இரண்டு மலை, நடுவில் ஒரு கோடு:
எங்கள் பள்ளத்தாக்கையே யாரோ வெட்டி எடுத்து
பைபரில் வார்த்தது மாதிரி.
எண்ணெய் குடிக்கும், நிறுத்தினால் ஆடும்,
ஆனால் அலையைக் கேட்காமலே பிளக்கும்.

படிவத்தில் 'தெரிவுக்கான காரணம்' என்ற கட்டத்தில்
பிள்ளைகளின் முதுகு என்று எழுதினேன்.
அதிகாரி அதை வெட்டிவிட்டு
'தொழில்நுட்பப் பொருத்தம்' என்று எழுதினார்.

அந்த ஜூனில் பிள்ளைகள் படகில் தூங்கினார்கள்.
செபமாலை மட்டும் பெற்றோல் துண்டுகளை
எனக்குப் படும்படி கிளிப்பில் செருகினார்.

மார்ச்சில் தண்ணீர் இறங்கியது.
கரை சிவந்து, வெடித்து,
அணைக்கு முந்திய ரோடு
நடு ஏரியில் முதுகைக் காட்டியது.
தவக்குமார் எஞ்சினைத் தூக்குவதற்குள்
ஒரு மதகின் விளிம்பு 'வீ'யின் கூரைப் பிடித்துக்கொண்டது.
தட்டை அங்கே உட்கார்ந்திருக்கும்.
இது ஒரு பக்கம் சாய்ந்து படுத்தது.
பன்னிரண்டு பிள்ளைகளும்
சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
கணுக்கால் தண்ணீரில், அந்த ரோட்டிலேயே
வரிசையாகப் பள்ளிக்கூடம் போனார்கள்.
நேரத்துக்கே போய்விட்டார்கள்.

மறுபடி ஒரு படிவம் வந்திருக்கிறது.
பொருத்தமான அடிப்பாகம் எது?
எந்த மாதத்துக்கு என்று கேட்க அதில் இடமில்லை.
டெனிசிலிடம் கேட்டால்
முன்னுக்குக் கூர், பின்னுக்குப் போகப்போகத் தட்டை,
அப்படி ஒன்று இருக்கிறது என்கிறார்.
"ரெண்டு வேலையும் அரைகுறையாச் செய்யும் மிஸ்."
அதை அவர் குறையாகச் சொல்லவில்லை.

நேற்று படகைக் கரையேற்றிக் கவிழ்த்தோம்.
கீறல் என் முழங்கையளவு.
விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன்.
பைபர் நார்களுக்கிடையில்
கறுப்பாகக் கொஞ்சம் தார்.